கூடாரம் அடிக்கலாம், கிளை வெட்டக் கூடாது: டார்ட்மூர் வழக்கு சொன்னதும் சொல்லாததும்

2025 மே 21 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் டார்வால் எதிர் டார்ட்மூர் தேசியப் பூங்கா ஆணையம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டார்ட்மூர் பொதுமேய்ச்சல் நிலங்களில் நிலக்காரரைக் கேட்காமலே கூடாரம் போட்டு இரவு தங்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு, ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக. இதைப் படித்துவிட்டு, அப்பாடா, இனி புஷ்கிராஃப்ட், அதாவது எளிய கருவிகளோடு காட்டில் தங்கி வாழும் கலை, பழக யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைப்பது ரொம்ப சுலபம். ஆனால் தீர்ப்பு கொடுத்தது தூங்குவதற்கான இடத்தை மட்டும்தான். கத்தி, கோடரி, நெருப்பு, மரக்கிளை என்று நம் ஆட்கள் உண்மையில் செய்கிற எதற்கும் அது அனுமதிச்சீட்டு இல்லை. அதே சமயம், அனுமதி கேட்டு வாழ்வது என்றால் என்ன, ஒரு நிலக்காரர் எதற்கெல்லாம் பயப்படுகிறார் என்பதை இந்த வழக்கு அளவுக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அதனால் முழுசாகவே பார்ப்போம்.

முதலில் நிலம். டார்ட்மூர் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் இருக்கிறது, 1951இல் தேசியப் பூங்கா ஆனது, சுமார் 368 சதுர மைல். தேசியப் பூங்கா என்றதும் அரசாங்க நிலம் என்று தோன்றும். அங்கே அப்படி இல்லை, பெரும்பகுதி தனியார் சொத்து, பூங்கா ஆணையத்துக்கு இருப்பது மேற்பார்வை அதிகாரம். இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான பரப்பு 'காமன்ஸ்' எனப்படும் வேலியில்லாத மேய்ச்சல் நிலம். காமன்ஸ் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்பதும் தவறு. சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், அவர் நிலத்தில் ஆடு மாடு மேய்க்கும் பரம்பரை உரிமை சுற்றுவட்டார விவசாயிகள் சிலருக்கு இருக்கும், அதற்கு மேல் பொதுமக்கள் நடமாடும் உரிமை. ஒரே புல்வெளியின் மேல் மூன்று அடுக்கு. இந்த அடுக்குகளைப் புரிந்துகொள்ளாமல் 'யாரிடம் கேட்பது' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

வழக்குத் தொடுத்த டார்வால் தம்பதி 2011இல் தெற்கு டார்ட்மூரில் பிளாச்ஃபோர்ட் எஸ்டேட்டை வாங்கியவர்கள். ஸ்டால் மூர் என்ற ஒதுக்குப்புறமான மேட்டு நிலம் அதில் அடங்கும், அங்கே அவர்களுடைய மாடுகள் மேய்கின்றன. கூடாரம் போடுபவர்களில் சிலர் குப்பை போடுகிறார்கள், தீ மூளும் ஆபத்து இருக்கிறது, கால்நடைக்குத் தொந்தரவு என்பது அவர்களின் கவலை. அவர்கள் யாரோ ஒரு குறிப்பிட்ட முகாம்காரர் மேல் வழக்குப் போடவில்லை. நிலக்காரரின் சம்மதம் இல்லாமல் அங்கே இரவு தங்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆக, முதல் நாளிலிருந்தே இது கூடாரத்தைப் பற்றிய சண்டை கிடையாது. கேட்டுவிட்டு வர வேண்டுமா, கேட்காமலே வரலாமா என்ற சண்டை.

எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே வாக்கியத்தில் வந்து நின்றது. 1985ஆம் ஆண்டு டார்ட்மூர் காமன்ஸ் சட்டத்தின் 10(1) பிரிவு, திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காகக் காமன்ஸ் நிலத்துக்குள் கால்நடையாகவும் குதிரையிலும் செல்லப் பொதுமக்களுக்கு உரிமை தருகிறது. கூடாரம் என்ற பேச்சே அதில் இல்லை, தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் 1989இல் பூங்கா ஆணையம் போட்ட துணைவிதிகள், கூடாரம் போடலாம் என்பதை எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை: ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் கூடாது, பொதுச் சாலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், வண்டியில் படுக்கக் கூடாது என்று. அதாவது முப்பது வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் இருக்கிறது என்று நம்பிய ஒரு உரிமை உண்மையிலேயே சட்டத்தில் இருக்கிறதா என்று யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை.

2023 ஜனவரி 13 அன்று உயர் நீதிமன்றத்தில் சர் ஜூலியன் ஃப்ளாக்ஸ், இல்லை என்றார். அந்தச் சட்டம் கூடாரம் போட்டுத் தங்கும் உரிமையைத் தரவில்லை, நிலக்காரர் சம்மதம் வேண்டும். ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் ஸ்டால் மூருக்கே நடந்து போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதற்குப் பிறகான ஆறரை மாதம்.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பூங்கா ஆணையமும் காமன்ஸ் நிலக்காரர்களும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நிலக்காரர்கள் தாங்களாக முன்வந்து அனுமதி தருவார்கள், அதற்கு ஆணையம் அவர்களுக்கு ஒரு தொகை தரும், பொதுமக்கள் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே வாரத்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் எங்கே தங்கலாம் என்ற வரைபடத்தைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது, முன்பு தங்க முடிந்த சில இடங்கள் அதில் இல்லை. நிலக்காரர் நினைத்தால் விலகிக்கொள்ளலாம். அதே மண், அதே புல், அதே இரண்டு இரவு விதி. மாறியது ஒன்றுதான், நேற்று வரை உரிமை, இன்று தயவு. உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடப்புத்தகம் விளக்குவதைவிட இந்த ஆறரை மாதம் தெளிவாக விளக்கியது. அனுமதி என்பது கொடுத்தவர் மனசு மாறும் வரைதான். யாராவது ஒருவருடைய பின்கட்டுக் காட்டில் பழகிக்கொண்டிருக்கும் புஷ்கிராஃப்ட்காரர் ஒவ்வொருவரும் நிரந்தரமாக இந்த நிலையில்தான் இருக்கிறார், அதை மறந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

2023 ஜூலை 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. சர் ஜெஃப்ரி வாஸ் தலைமையில் மூன்று நீதிபதிகள், பொதுவெளிகளைக் காக்க 1865இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டியும் வழக்கில் இடையீடு செய்திருந்தது. நிலக்காரர் தரப்பின் ஒரு வாதம் எனக்கு இன்னும் சிரிப்பை வரவழைக்கிறது: நடப்பது பொழுதுபோக்கு, சரி, ஆனால் கூடாரத்துக்குள் போய்த் தூங்குவது பொழுதுபோக்கு ஆகுமா? தூங்குகிறவன் எந்தப் பொழுதைப் போக்குகிறான்? வாஸ் இதைப் படிப்படியாகப் பிரித்துப் போட்டார். நடந்து களைத்தவர் புல்லில் படுத்துக் கொஞ்சம் கண் அசந்தால் அவர் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டாரா? இல்லை. இரவில் படுத்தால்? இல்லை. ஈரத்துக்காகக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டால், தூக்கப்பைக்குள் புகுந்துகொண்டால், மேலே கூடாரம் இருந்தால், அந்தக் கூடாரத்தின் வாசல் திறந்திருந்தால், மூடியிருந்தால்? எந்தக் கட்டத்திலும் கோடு கிழிக்க முடியாது. கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய் கட்டித் தூங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதை வைத்து உரிமை தோன்றுவதும் மறைவதும் இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் 2024 அக்டோபரில் விசாரணை, அடுத்த மே மாதம் தீர்ப்பு. லார்ட் சேல்ஸும் லார்ட் ஸ்டீஃபன்ஸும் சேர்ந்து எழுதியது. நடந்தும் குதிரையிலும் என்ற சொற்கள் உள்ளே எப்படிப் போகலாம் என்பதைச் சொல்கின்றனவே தவிர, உள்ளே போய் என்ன செய்யலாம் என்பதை நடைக்கும் சவாரிக்கும் மட்டும் சுருக்கவில்லை, திறந்தவெளிப் பொழுதுபோக்கு என்பது விரிந்த பொருள் உள்ளது, கூடாரமும் அதில் அடங்கும் என்று முடித்தார்கள். நிலக்காரரின் பயத்தை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குப்பை, தீ, கால்நடை எல்லாம் உண்மையான பிரச்சினைதான், ஆனால் அதைக் கட்டுப்படுத்தத் துணைவிதி போடும் அதிகாரமும் ரேஞ்சர்களும் ஆணையத்திடம் இருக்கும்போது, ஒவ்வொரு நிலக்காரரும் தனியாக ஒவ்வொரு முகாம்காரர் மேலும் வழக்குப் போட்டுக்கொண்டிருப்பதைவிட அதுவே பயனுள்ள வழி என்றார்கள்.

சரி, இப்போது பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நெருப்பு. டார்ட்மூர் துணைவிதிகளின்படி நிலத்தில் தீ மூட்டக் கூடாது, சிறிய கேஸ் அடுப்போடு சரி. வில்லும் துளைக்கோலும் வைத்து நெருப்பு கடைந்து பழகுகிறவருக்குத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. அங்கே இருப்பது பீட் மண் வேறு, மக்கிய செடிகொடிகளால் ஆனது, மண்ணே எரியும். மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே நாள்கணக்கில் புகைந்து வேறெங்கோ கிளம்பும். இந்த விதியில் நியாயம் இருக்கிறது.

மரம். மூர் எனப்படும் திறந்த மேட்டு நிலத்தில் மரமே அபூர்வம், இருக்கும் பழைய குட்டைக் கருவாலித் தோப்புகள் விஸ்ட்மன்ஸ் வுட் போன்றவை, உள்ளே கால் வைக்கவே தயங்க வேண்டிய இடங்கள். பொதுவாக இங்கிலாந்து சட்டம் இதில் ஒரு விசித்திரமான கோடு போடுகிறது. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி காட்டில் தானாக வளரும் காளான், பூ, பழம், இலைதழை இவற்றை விற்பதற்காக அல்லாமல் பறித்தால் திருட்டு ஆகாது. ஆனால் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி எந்தக் காட்டுச் செடியையும் நிலக்காரர் சம்மதமின்றி வேரோடு பிடுங்குவது குற்றம். ஆக பெர்ரி பறிக்கலாம், செடியை வேரோடு தோண்டி எடுக்கக் கூடாது. கம்புக்காக ஒரு ஹேசல் மரத்தின் தண்டை வெட்டினால் அது அடுத்தவர் சொத்துக்குச் சேதம். காய்ந்து விழுந்த கட்டை? அதுவும் நிலக்காரருடையது, அதோடு வண்டுக்கும் பூஞ்சைக்கும் வீடு. காட்டைப் பராமரிக்கிற பலர் பச்சைக் கம்பைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், உளுத்த கட்டையைத் தொட விடமாட்டார்கள். கேட்காமல் ஊகிக்காதீர்கள்.

கத்தி. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருப்பது குற்றம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு, பூட்டிக்கொள்ளும் மடக்குக்கத்திக்கு அதுவும் கிடையாது. பொதுமக்கள் நுழையக்கூடிய எந்த இடமும் பொது இடம். எனவே உரிமையோடு நுழைகிற டார்ட்மூர் மேடு பொது இடம், பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத ஒரு தனியார் தோப்பு அப்படியல்ல, ஆனால் அங்கே போய்ச் சேரும் ரயிலும் சாலையும் பொது இடம்தான். நிலக்காரர் கொடுத்த கடிதம் பையில் இருந்தால் தகுந்த காரணத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. வாய்வழி அனுமதியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

டார்ட்மூரை விட்டு வெளியே வந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். 2000ஆம் ஆண்டு நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மூர் நிலங்களில் நடக்கும் உரிமையைத் தந்தபோதே, கூடாரம் போடுவதையும் தீ மூட்டுவதையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. ஸ்காட்லாந்து வேறு கதை, 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அங்கே பொறுப்போடு தங்கும் உரிமையைப் பரவலாகத் தருகிறது, ஆனாலும் லாக் லோமண்ட் ஏரிப் பகுதியில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பல கரைகளில் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். அங்கேயும் கோடரிக்கு உரிமை தந்துவிடவில்லை.

எனவே கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரிடம்? நில ஆவணப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டினால் பதிவான உரிமையாளர் பெயர் கிடைக்கும், ஆனால் பெயரோடு வேலை முடியாது. நிலம் குத்தகையில் இருந்தால் அதைக் கையில் வைத்திருப்பவர் குத்தகைதாரர், அவர் சம்மதம் வேண்டும். ஆனால் மரமும் வேட்டை உரிமையும் பெரும்பாலும் உரிமையாளரிடமே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் 'தாராளமா வெட்டிக்கோ' என்று சொன்னாலும் அந்த மரம் அவர் கொடுக்கக்கூடியது அல்ல. வேட்டை உரிமையைத் தனியாக வாங்கியிருக்கும் குழு ஒன்று இருந்தால் இன்னும் மோசம், அவர்கள் ஃபெசன்ட் பறவைகளை விட்டு வளர்க்கும் தோப்பில்தான் நீங்கள் தார்ப்பாய் கட்ட நினைத்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவ இடம் என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், சில வேலைகளுக்கு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதல் இல்லாமல் உரிமையாளராலேயே அனுமதி தர முடியாது.

அடுத்தது, அவர் ஏன் மறுக்கிறார். குப்பை, தீ என்பதெல்லாம் வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் பயம் பெரும்பாலும் வழக்குதான்: உங்கள் காலில் கோடரி பட்டால் நான் பணம் கட்ட வேண்டுமா? இந்தப் பயம் ஆதாரமற்றது அல்ல. அத்துமீறி நுழைந்தவருக்கு நிலக்காரர் பட்டிருக்கும் கடமை நிலம் வைத்திருப்பவரின் பொறுப்பு பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைவு. 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்ன உடனே நீங்கள் விருந்தினர், அதே பொறுப்பு பற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் பாதுகாப்பைக் கவனிக்கும் முழுக் கடமையும் அவருக்கு வந்துவிடும். அனுமதி தருவதால் அவருடைய சுமை கூடுகிறது என்பதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் அவர் காது கொடுப்பார். பிறகு அதே 1957 சட்டம், ஒருவர் தானாக ஏற்றுக்கொண்ட ஆபத்துக்கு நிலக்காரர் பொறுப்பல்ல என்றும் சொல்வதை எடுத்துக்காட்டலாம். பொறுப்புக் காப்பீடு உங்கள் பெயரில் இருந்தால் அதன் நகலையும் கொடுங்கள்.

இங்கே பணம் பற்றி ஒரு விஷயம், பலரும் தலைகீழாகச் செய்வது. மரியாதைக்காக இரவுக்கு இவ்வளவு தருகிறேன் என்று முந்திக்கொள்வார்கள். தொழிலாக நிலத்தை நடத்துபவர் கவனக்குறைவால் வரும் உயிரிழப்புக்கும் காயத்துக்குமான பொறுப்பை அறிவிப்பு போட்டுத் தட்டிக்கழிக்கச் சட்டம் விடாது. பொழுதுபோக்குக்காகச் சும்மா அனுமதிப்பது அவருடைய தொழிலின் பகுதியாக இல்லாத வரை இந்தத் தடைக்கு 1984 சட்டம் விலக்கு தருகிறது. காசு கைமாறினால் அது தொழிலா என்ற கேள்வி எழுந்துவிடும். பண்ணைக் காப்பீட்டுக்காரரும் புருவத்தை உயர்த்துவார். அதற்குப் பதில் உழைப்பைக் கொடுங்கள். பல தோப்புகளில் ரோடோடென்ட்ரான் புதர் மண்டி மற்ற எதையும் முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டிருக்கும், வெட்டி எறிய ஆள் கிடைக்காமல் நிலக்காரர் திண்டாடுவார். அதை வெட்டித் தருகிறேன் என்றால் அவருக்குப் புதர் ஒழியும், உங்களுக்குப் பழகக் கம்பு கிடைக்கும், 'எந்த மரத்தை வெட்டுவது' என்ற தகராறும் வராது. இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

எழுத்தில் தருவது அவருக்கே நல்லது என்பதையும் சொல்லலாம். இங்கிலாந்தில் யாரும் கேட்காமல், யாரும் தடுக்காமல் இருபது ஆண்டு ஒரு பாதையில் மக்கள் நடந்தால் அது பொதுவழி ஆகிவிட வாய்ப்புண்டு. அனுமதியோடு வந்தவர்கள் என்று காட்டும் காகிதம் அந்த வாதத்தை உடைக்கும்.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? வரைபடத்தில் கோடு போட்ட இடம், தேதி, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், நெருப்பு உண்டா இல்லையா, உண்டென்றால் தரையிலா, கால் வைத்த தட்டிலா, எந்த மரம், எவ்வளவு பருமன். மெல்லிய கம்பு பிரச்சினையில்லை. மார்பளவு உயரத்தில் 8 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களை வெட்டுவது உரிமச் சட்டத்தின் வரம்புக்குள் வரும், சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு விலக்கு இருந்தாலும் அந்தக் கணக்கு உரிமையாளருடையது, அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். வசந்தகாலத்தில் பறவைக் கூடு இருக்கும் புதரை வெட்டுவதற்கு யார் அனுமதியும் செல்லாது. நாள் கணக்கும் முக்கியம்: 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், ஓர் இடம் தொடர்ந்து 42 நாளுக்கு மேலோ ஆண்டில் 60 நாளுக்கு மேலோ கூடாரம் போடப் பயன்பட்டால் உரிமம் என்ற பேச்சு வரும். எனவே கட்டிய குடிலை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மாதம் வந்து தொடர்கிறேன் என்பதை அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக, 'எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே நீங்கள் இந்த அனுமதியை ரத்து செய்யலாம், சொன்னதும் மூட்டை கட்டிவிடுவேன்' என்ற வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். சட்டப்படி காசு வாங்காத அனுமதிக்கு எப்படியும் அந்தத் தன்மைதான், கிளம்ப நியாயமான நேரம் மட்டும் தர வேண்டும். உங்களுக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவருக்கோ, டார்வால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதற்குக் காரணமான அந்த ஒரு விஷயம், இல்லை என்று சொல்லும் அதிகாரம், தன் கையிலேயே இருக்கிறது என்று எழுத்தில் தெரிகிறது. கையெழுத்து போடச் சம்மதிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வரியைப் படித்த பிறகுதான் பேனாவைத் தேடுகிறார்கள்.